மாறாத நாற்பத்தொன்று

மத்தியானம் ரெண்டு மணி. ஆள் அரவமே இல்லாத புறவழிச் சாலை. தார் இளகிய வாடை... பேய் மத்தியானத்தில் வராது என்று நம்புகிறவர்கள் கையைத் தூக்கலாம். இந்த இருட்டில் எனக்குத் தெரியப்போவதில்லை. ஆபீசுக்குக் கரண்ட் திரும்பும்வரை நான் பேசித்தான் ஆகவேண்டும். பேச்சை நிறுத்தினால் முதலில் பயப்படப்போவது நான்தான்.

"யாருக்கு நடந்துச்சு, அத முதல்ல சொல்லு" என்றான் குறட்டை. மீட்டிங்கில் தூங்கிச் சம்பாதித்த பட்டம் அது.

என் ரூம்மேட்டின் அக்கா புருஷனுக்கு. கார் ஓட்டிக்கொண்டிருந்தார். முன்னால் மாட்டிய போனில் ஓர் எண். நாற்பத்தொன்று. அவருடைய பெண்குழந்தை நிமிஷத்துக்கு எத்தனை தடவை மூச்சு விடுகிறது என்ற கணக்கு. இரட்டையாகப் பிறந்து, வீட்டுக்கு வந்தது ஒன்றுதான். அதுவும் குறைமாதம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். மனுஷன் தானே ஒரு கருவி செய்து தொட்டில் மெத்தைக்கு அடியில் வைத்திருந்தார்.

பாதி வழியில்தான் உறைத்தது. எண் மாறவே இல்லை.

நாற்பத்தொன்று... நாற்பத்தொன்று...

"நெட்வொர்க் போயிருக்கும்டா" என்றான் குறட்டை.

போகவில்லை. கருவி உயிரோடிருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி மின்னிக்கொண்டுதான் இருந்தது.

அப்போதுதான் அவருக்குத் தன் தப்பு ஞாபகம் வந்தது. சி மொழியில் எழுதும்போது நடுவே மெஷினின் சொந்த பாஷையில், அசெம்ப்ளியில், நாலு வரி சொருகுவோமே, நிரலை மெஷினுக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் அந்த வரிகளைப் படித்துப் பார்க்காது, அப்படியே ஒட்டிவிடும். மூச்சுக் கணக்கு இருக்கும் நினைவகத்தின் முகவரியை அவர் அந்த வரிகளுக்குக் கொடுத்திருந்தார். முகவரி மட்டும் போதாது. அங்கே போய்ச் சாமானை மாற்றப்போகிறேன் என்று கம்பைலருக்கும் ஒரு வார்த்தை, 'மெமரி' என்று, சொல்லிவைக்கவேண்டும். சொல்லவில்லை. அன்று காலையில்தான் கருவியின் பாட்டரி மிச்சமாகட்டும் என்று நிரலைச் சுருக்கும்படி கம்பைலரிடம் சொல்லியிருந்தார். கம்பைலரும் சமர்த்தாக, அங்கே என்ன மாறியிருக்கப்போகிறது என்று ஒருமுறை எடுத்த எண்ணையே கையில் வைத்துக்கொண்டது.

"நம்ம மேனேஜர் மாதிரி" என்றது ஒரு குரல்.

அப்படியென்றால் அது காலை மூச்சு. குழந்தை அப்புறம் மூச்சே விடாவிட்டாலும் நாற்பத்தொன்றுதான் காட்டும்.

வீட்டுக்கு அடித்தார். மணி போகிறது... போகிறது... எடுக்கவில்லை. வண்டியை வீட்டுக்குத் திருப்பி விரட்டினார். திட்டுவதற்குக்கூடக் குறுக்கே ஒரு நாய் வரவில்லை அந்தச் சாலையில்.

கதவைத் திறந்தால் பவுடர் வாசனை. ஹாலில் அக்கா. தோளில் குழந்தை, விக்கிக்கொண்டு.

"என்னங்க இந்த நேரத்துல? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"போன்..."

"சைலன்ட்ல கெடக்கு. இவ காலையிலேர்ந்து தோள விட்டு எறங்கல."

ஷூவைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து அழுதாராம். நானாக இருந்தால் வாசலிலேயே விழுந்திருப்பேன்.

முகம் கழுவிக்கொண்டு அறைக்குப் போனார். லேப்டாப்பைத் திறந்து, விட்டுப்போன அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்து, கருவியில் ஏற்றினார். தொட்டில் காலி. பூஜ்யம் வரவேண்டும்.

நாற்பத்தொன்று.

நாற்பது.

நாற்பத்துமூன்று...

மின்விசிறியை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். மெத்தையைத் தூக்கி, அடியிலிருந்த கருவியைத் துடைத்து, திரும்ப வைத்தார். முப்பத்தொன்பது. நாற்பத்திரண்டு. தப்பு இருந்தவரை கம்பைலரைத் திட்டலாம். இப்போது நிரலில் ஒரு குறையும் இல்லை.

இரண்டு பேருக்கென்று வாங்கிய அகலமான தொட்டில் அது. மெத்தையில் உள்ளங்கையை வைத்தார். சூடு இல்லை. பால் வாடை மட்டும்... லேசாக.

அணைத்துவிடலாம் என்று சுவிட்சில் விரலை வைத்தார்.

ஐம்பது. அறுபது. எழுபத்திரண்டு.

விரலை எடுத்தார்.

அறுபது... ஐம்பது... மெல்ல, மெல்ல... நாற்பத்தொன்று.

திரையில் கருவியின் பாட்டரிச் சின்னம் சிவப்பாகியிருந்தது. அவர் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. சற்று நேரத்தில் அதுவே அணைந்துவிடும். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நிலைப்படியில் அக்கா. குழந்தை தோளில் தூங்கிவிட்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. திரையைப் பார்த்தார், காலித் தொட்டிலைப் பார்த்தார். இது என்ன என்று கேட்கவில்லை.

குரலைத் தாழ்த்தி, தூங்குகிறவர்கள் எழுந்துவிடக்கூடாது என்பதுபோலக் கேட்டாராம்:

"சார்ஜர் எங்க வச்சீங்க?"