காலஞ்சென்ற வால்டரின் ஒரே வாரிசு

எனக்குக் கோர்ட்டு பிடிக்கும், ஐயா. டவாலி வராந்தாவுக்கு வந்து பெயரை மூன்று தரம் கூப்பிடுவார் பாருங்கள், உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறும். மற்றவர்களுக்குக் கல்யாண மேளம் எப்படியோ, எனக்கு அது.

ராயபுரத்து வீட்டை அப்பா என் அண்ணன் வால்டர் பெயருக்குத்தான் எழுதிவைத்தார். பக்கத்து வீட்டுக்காரன் சாவியோ, மாடிப்படி கட்டும்போது எங்கள் சந்தில் இரண்டடியை விழுங்கிவிட்டான். அடடா, தங்கமான கேஸ். தானாக வாசல் தேடி வந்ததை யாராவது விடுவார்களா? அண்ணன் விட்டான். தினம் சாயங்காலம் அதே படியில் ஏறிப்போய் சாவியோவோடு கேரம் ஆடினான்.

"இன்னாத்துக்குடா கேஸு? ரெண்டடிய வெச்சுகினு நாம இன்னா ரயிலா வுடப் போறோம்?" என்று சிரித்தான்.

வக்கீல் ஃபவாஸிடம் ஓடினேன். "வூடு உன் பேர்ல இல்லியே, தவசிமுத்து. கேஸ் போட உங்கண்ணன்தான் வரணும். அவரு இல்லாங்காட்டி வாரிசுன்னு நீ போடலாம்," என்றார். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை; அம்மா அப்பாவும் இல்லை. மிச்சம் நான் ஒருவன்தான். இவ்வளவு சுலபமா என்று எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேசின் பிரிட்ஜ் வரைக்கும் பாடிக்கொண்டே நடந்தேன்.

மறுநாள் ஆட்டம் முடிந்து இறங்கியவனை மேல்படியில் வைத்துத் தள்ளினேன். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. அந்தப் படியிலேயே விழுந்தால் கேஸுக்கு வலு. சவப்பெட்டி சந்தில் திரும்பவில்லை. அதையும் மனுவில் சேர்க்கச் சொன்னேன்.

வாரிசுச் சான்றிதழ் கைக்கு வந்ததும் லேமினேட் போட்டேன். டவாலி கூப்பிட்டார்: "காலஞ்சென்ற வால்டரின் வாரிசு தவசிமுத்து." மூன்று தரம், ஐயா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைக் கேட்க அண்ணன் இருந்திருக்க வேண்டும்.

சாவியோ மேலேயிருந்து பார்த்தானாம், பயத்தில் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லையாம். பார்த்திருக்கட்டும். தள்ளியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆனால் கொன்றவன் வாரிசாக முடியாது என்றீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்படியானால் அண்ணனைக் கொன்றவன்மேல் அவனுக்காக யார் கேஸ் போடுவது? என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?