வாய்தா தராத நீதிபதி ஆர்வின் ட்வைட்

மேடையில் வீற்றிருக்கும் பாதிரியார் அவர்களே, வழக்கறிஞர் சங்கத் தலைவர் அவர்களே, கணவரை இழந்த துயரத்திலும் வந்தவர்களுக்கெல்லாம் காபி போதுமா என்று கவலைப்படும் இங்க்ரிட் அம்மையார் அவர்களே, பனியையும் பொருட்படுத்தாமல் வந்து நிறைந்திருக்கும் பைன் ஹாலோ மாவட்டத்துப் பெருமக்களே, வணக்கம்.

மாண்புமிகு நீதிபதி ஆர்வின் ட்வைட் இன்று நம்மிடையே இல்லை. இருந்திருந்தால், "கெரோல், சுருக்கமா பேசும்மா, பசிக்குது" என்றிருப்பார்!

விஸ்கான்சினில் நீதிபதியை நாம்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். மற்ற வேட்பாளர்கள் வாக்குறுதி தரலாம். நீதிபதி வேட்பாளர் என்ன தர முடியும்? இப்படித் தீர்ப்புச் சொல்வேன் என்று வாயைத் திறக்கக் கூடாது. கதவைத் தட்டி, பெயரைச் சொல்லி, உறைந்த மண்ணில் தன் தேர்தல் பலகையைத் தானே சுத்தியலால் அடித்து நட்டுவிட்டுப் போவார் நம் ஆர்வின். அப்படித்தான் முதல் தேர்தலில் வென்றார். இரண்டாவது தேர்தலில் வந்தது சோதனை.

பாலாடைக்கட்டி ஆலையின் கழிவுநீர் பண்ணைக்காரர் மில்லார்ட் கோஸ்டெல்லின் கிணற்றில் கலந்தது. மாடுகள் செத்தன. மில்லார்டின் வக்கீல் நான். விசாரணை எப்போது வந்தது தெரியுமா? தேர்தலுக்கு முந்தைய வியாழக்கிழமை! ஊரில் பாதி வீட்டில் அந்த ஆலைச் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது. ஆலை வக்கீல் எழுந்தார்.

"ரெண்டு வாரம் வாய்தா குடுத்துருங்கய்யா. எல்லாருக்கும் நல்லது... உங்களுக்கும்தான்."

ஆர்வின் அவரைப் பார்க்கவே இல்லை. மில்லார்டிடம் கேட்டார்: "மாடுங்க இப்ப என்ன குடிக்குது?"

"பக்கத்துப் பண்ணையில இருந்து கொண்டாந்து ஊத்துறேங்கய்யா. அவங்களும் இந்த வாரத்தோட முடியாதுன்னுட்டாங்க. அதுக்கு மேல ஆச்சுன்னா வித்துருவேன்."

"மாடு வாய்தா கேக்கலையே வக்கீல் சார். உக்காருங்க, இன்னிக்கே விசாரிக்கறேன்."

அன்று மாலையே தடை உத்தரவு. ஆலை நின்றது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேட்பாளர்கள் மேஜை மேஜையாகக் கைகுலுக்கும் மீன் விருந்து. வேறு யாராவது என்றால் காய்ச்சல் என்று படுத்திருப்பார்கள். இவர் வந்தார்! பலர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஆலைத் தொழிலாளி டெல்ஃபின் ஜஸ்கோல்ஸ்கி மட்டும் எழுந்தார்.

"ஏன் ஜட்ஜய்யா, எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டு இங்க மீன் திங்க வந்தீங்களாக்கும்?"

"கேசப் பத்தி நான் பேசக் கூடாது தாயி. நீங்க திட்டுறத நான் கேக்கலாம். உக்காரட்டுமா?"

உட்கார்ந்தார். டெல்ஃபின் மூச்சு விடாமல் திட்டினார். இவர் மீன் ஆறிப் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை தேர்தலில் தோற்றார்.

வருந்தினாரா? வருந்தினார்; அவர் கல்லில்லை. ஆனால் மில்லார்டின் மாடுகள் பிழைத்தன. ஆலை சுத்திகரிப்புத் தொட்டி கட்டிக்கொண்டு கோடையிலேயே திறந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து ஆர்வின் மறுபடி நின்றபோது, டெல்ஃபின் வீட்டு வாசலில் அவர் பலகை நின்றது! நானே போய்க் கேட்டேன்.

"அந்தத் தீர்ப்பு எனக்கு இப்பவும் பிடிக்கல. ஆனா எங்க ஓட்ட வாங்கிக்கிட்டு, அப்புறமா முதுகுல குத்தலையே அந்த மனுசன்! மொதல்ல தீர்ப்பு, பொறவு ஓட்டு. இதோ கேளு கெரோல், அப்பிடி ஒருத்தர வேற எங்கயாச்சும் காட்டு பாப்போம்."

அந்தத் தேர்தலில் ஆர்வின் வென்றார். அடுத்த தேர்தலிலும் வென்று, வயதானதும் தானாகவே இறங்கினார். அந்த நாற்காலியில் இன்று நான் இருக்கிறேன். நீதிபதி அவர்களே, அதில் பயமில்லாமல் உட்காரலாம் என்று காட்டியவர் நீங்கள். இந்த மாவட்டமே உங்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறது!

வரும் ஏப்ரல் தேர்தலுக்கு நானும் ஓட்டுக் கேட்டு உங்கள் கதவைத் தட்டுவேன். தேர்தலுக்கு முந்தைய வாரம் என் முன்னால் ஒரு வழக்கு விசாரணைக்கு வருகிறது. எது என்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்லக் கூடாது. "தேர்தல் முடியட்டுமே" என்று நல்ல மனத்தோடு பலர் சொல்லிப் பார்த்தார்கள். நானும் இரண்டு நாள் யோசித்தேன், மறைக்கவில்லை. ஆர்வின் ட்வைட்டின் படத்தின் முன் நின்று உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்: அந்தத் தேதி மாறாது.