கடைசி வளைவில் கத்தக் கூடாது

— துண்டை வாயில வச்சுக்கோங்க.

— இப்பவேவா? குதிரைங்க இன்னும் கூண்டுக்குள்ளயே போகலையே.

— இப்பவேதான். உங்க வாயை எனக்குத் தெரியாதா? திறக்கறதுக்கு முன்னாடி அது உங்களையே கேக்காது.

— ஏம்மா மகாராணி, பொண்டாட்டி புருஷன் வாயில துண்டைத் திணிக்கிறதைப் பாத்தா ஜனங்க என்ன நினைக்கும்?

— பாக்கறதுக்கு ஜனம் எங்க இருக்கு? அதுக்குத்தானே கூட்டத்தை விட்டு விலகி இந்தக் கடைசி வளைவுக்கு வந்தோம். இங்க நாமளும் இந்தப் புல்லு வெட்ற வண்டியும்தான்.

— நல்லா இடம் பிடிச்சே போ. வேலிக்கு மேல கையை நீட்டினா குதிரை மேல படும். இவ்வளவு கிட்ட நின்னா என் மூச்சுகூட நம்ம குட்டிக்குக் கேக்கும்.

— அதனாலதான் துண்டு.

— எனக்கென்னமோ நாம வந்ததே தப்புன்னு படுது. குட்டியைப் பழக்கினவங்க அதோட முதல் பந்தயத்துக்குப் போகவே கூடாது. நம்ம தொழில்ல எவனும் போனதில்லை. நம்ம குரல் காதுல விழுந்துதோ, குட்டி பந்தயத்தை மறந்துட்டு நம்மகிட்ட வந்து நிக்கும்.

— எனக்குத் தெரியாததா? நானும்தானே பழக்கினேன். ஆனா இன்னிக்கு முதல் மூணுக்குள்ள வரலைன்னா பால்மூஞ்சியை ஏலத்துக்கு அனுப்பிடுவேன்னு லாயத்துக் கோச் சொல்லிட்டாரு. அப்புறம் அவ எவன் கையில சிக்கி எந்த வண்டியை இழுப்பாளோ. ஓடறதை ஒரே ஒரு தடவை கண்ணால பாத்துக்கறேனே.

— ஏலம் ஏலம்னு சொல்லாதே.

— நான் சொல்லலைன்னா நடக்காதா?

— அந்தக் கோச்சுக்கு என்ன தெரியும்? ‘வெள்ளை மூஞ்சி, ஒரு கண்ணு நீலம், புத்தியும் கோணல், கூப்பிட்டா திரும்பறதில்லை, பின்னாடி போய்த் தொட்டா உதைக்குது’ன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கார். கூப்பிட்ட உடனே திரும்பறதுக்கு அவ என்ன நாய்க்குட்டியா? பொண்ணுக்குக் கொஞ்சம் திமிரு. ராஜ திமிரு.

— நீங்களும் அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டினவர்தானே.

— ஆனா நெஞ்சுரம் இருக்கே, அதைச் சொல்லு. அன்னிக்குக் காத்துல லாயத்துக் கூரைத் தகரம் பிச்சுக்கிட்டு வந்து விழுந்துதே, ஞாபகம் இருக்கா? எல்லாக் குட்டியும் கயிறை அறுத்துக்கிட்டு ஓடுச்சு. கெழட்டுக் குதிரைங்ககூட. இவ? வாயில இருந்த புல்லைக்கூட விடலை. அது யார் பாடம்?

— சரி, உங்க பாடம்தான்.

— என் பாடம். பொறுமையா, காதுக்குப் பக்கத்துல உக்காந்து, தினமும் பேசிப் பேசி ஏத்தின தைரியம். இன்னிக்கும் நான் முன்னாடி போய் ‘ஹோ’ன்னு ஒரு குரல் குடுத்தா, எவ்வளவு வேகத்துல வந்தாலும் நட்டு வச்ச மாதிரி நின்னுடுவா.

— ‘ஹோ’ சொல்றப்ப ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நடு வழியில நிப்பீங்களே. அதுக்கு யானையே நின்னுடும்.

— கை என்னடி கை. குரல்தான் விஷயம். நீ மட்டும் என்னவாம்? நீளக்கயிறைப் பிடிச்சுக்கிட்டு அவ பின்னாடியே நடந்து ‘நட தங்கம், நட’ன்னு தாலாட்டு பாடினியே, அப்ப உன் கை சும்மா இருந்துச்சா? ஒரு கையில கயிறு, இன்னொரு கையில இந்தத் துண்டு, காத்தாடி கணக்கா. உன் கையைக் கட்டிப் போட்டா உனக்குப் பேச்சே வராது.

— பொறந்த வீட்டுப் பழக்கம். இந்தத் துண்டைப் பத்திப் பேசாதீங்க. முதல் நாள் அவ உடம்பைத் தடவிக் குடுத்ததே இதாலதான். எப்படி நடுங்கினா, அப்பப்பா. முழு வெயிலும் இறங்கற வரைக்கும் கழுத்து, முதுகு, வயிறு, காலுன்னு தடவிக்கிட்டே இருந்தேன். கடைசியில என் தோள்ல தலையை வச்சுத் தூங்கிட்டா.

— இரு இரு. அந்தத் துண்டையா என் வாயில வச்சே?

— துவைச்சுட்டேங்க.

— குதிரை வாசனை போகலையே.

— அது உங்க சட்டையில வர்ற வாசனை.

— அவ முதுகுல மொதல்ல ஏறினவளும் நீதான். மூட்டை மாதிரி குப்புறப் படுத்துக்கிட்டு, தலை அந்தப் பக்கம், காலு இந்தப் பக்கம். எனக்குத்தான் உசுரே இல்லை. தூக்கி எறிஞ்சுடுவாளோன்னு.

— எறியலையே. திரும்பி என் காலை மோந்து பாத்தா. அவ்வளவுதான். அவளைப் போய்ப் பைத்தியம்ங்கறாரு.

— அதோ பாரு, கூண்டுக்குள்ள போறாங்க. கடைசிக் கூண்டு, மஞ்சள் தொப்பி. பால்மூஞ்சியேதான். இங்கேருந்தே அந்த வெள்ளை மூஞ்சி பளிச்சுன்னு தெரியுது பாரு.

— நல்லாக் கேட்டுக்கோங்க. எதிர்ல வர்றப்ப மூச்சு விடக் கூடாது. முன்னாடியிலேருந்து நம்ம குரல் வந்தா அவளுக்கு ‘நில்லு’ன்னு அர்த்தம். நம்மளைத் தாண்டினதுக்கு அப்புறம் எவ்வளவு வேணா கத்துங்க. பின்னாடியிலேருந்து வந்தா அது ‘ஓடு’. நாம போட்ட பாடம் அப்படி.

— எனக்கே பாடமா? நான் போட்ட பாடத்தை எனக்கே எடுக்கறா பாரு.

— திறந்துட்டாங்க, திறந்துட்டாங்க.

— ஐயோ, என்ன நிக்கிறா? கதவு படார்னு அடிச்ச சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சே. எல்லாம் பாஞ்சுடுச்சு, இவ மட்டும் வேடிக்கை பாக்கறா.

— கிளம்பிட்டா. பக்கத்துக் குதிரை போனதைப் பாத்துட்டுக் கிளம்பிட்டா.

— கடைசி. நம்ம பொண்ணு கடைசி. போச்சு.

— பொறுங்க. இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு. பாருங்க, காலை எப்படி எடுத்து வைக்கறா. அவசரமே இல்லை. மத்ததெல்லாம் முட்டிக்குது, மோதுது, இவ தனியா வெளிப்பக்கமா வர்றா.

— ஜாக்கி யாரு? சவுக்கைத் தூக்கலையே.

— சின்னப் பொண்ணுதான். நல்ல கை. கடிவாளத்தை இழுத்துப் பிடிக்காம விட்டிருக்கா பாருங்க. யாரோ பெத்த மகராசி.

— ஒண்ணைத் தாண்டிட்டா. இன்னொண்ணு. அடியே, கறுப்பையும் தாண்டிட்டா. பாரு, பாரு, எப்படி வர்றா பாரு.

— என் கையை விடுங்க, நசுங்குது.

— நாலாவது வந்துட்டா. மூணாவதோட ஒட்டிக்கிட்டா. இதைத்தான்டி சொன்னேன். ராஜ திமிருன்னு சொன்னேனா இல்லையா?

— துண்டு, துண்டு. எங்க துண்டு? வாயிலேருந்து எப்ப எடுத்தீங்க? குடுங்க இப்படி. திரும்பறாங்க, நம்ம பக்கம் திரும்பிட்டாங்க. பேசாதீங்க.

— மூணாவது. மூணாவது வந்துட்டா.

— ஏங்க, இறங்குங்க. வேலி மேல ஏறாதீங்க. ஏங்க.

— வாடி என் ராஜாத்தி. ஹோ ஹோ ஹோ, வாடி.

— பாவி மனுஷா.

— ஐயோ.

— ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு ‘ஹோ’ங்கறீங்களே. பாருங்க. தலையைத் தூக்கிட்டா. நம்மளைப் பாத்துட்டா. காலு குறையுது.

— நான் வேணும்னு சொல்லலை. தன்னால வந்துடுச்சு.

— நம்ம பக்கமா ஒதுங்கறா. ஜாக்கி என்ன பண்ணுவா, அவ உதைச்சும் இவ போக மாட்டேங்கறா. கறுப்பு தாண்டிடுச்சு. சிவப்பும் தாண்டிடுச்சு.

— நானே கெடுத்தேன். பெத்த பிள்ளை மாதிரி வளர்த்து நானே ஏலத்துக்கு ஏத்திட்டேன். போச்சு எல்லாம் போச்சு.

— தள்ளுங்க.

— எங்க ஓடறே?

— இப்பத்தான் நம்மளைத் தாண்டறா. பின்னாடியிலேருந்து குரல் குடுக்கணும். வாங்க, வேலியோரமா ஓடி வாங்க. நட தங்கம். நட நட நட.

— செருப்பு, செருப்பு விட்டுட்டே.

— கிடக்கட்டும். நட என் தங்கமே, நட. நட.

— இன்னும் சத்தமா. துண்டை விட்டுட்டுக் கையை வாய்கிட்ட வச்சுக் கத்துடி. துண்டை ஆட்டி என்ன ஆகப் போகுது? நட பால்மூஞ்சி. நட என் கண்ணு.

— நட. நட. போறா. ஏங்க, போறா. காலை நீட்டிட்டா.

— கேட்டுச்சு, அவளுக்குக் கேட்டுச்சு. சிவப்பைப் பிடிச்சுட்டா. கறுப்போட சேந்துட்டா. விடாதே ராஜாத்தி. அடி, அடி, போ, போ. முடிஞ்சுது. தாண்டிட்டாங்க. யாரு? யாரு மூணாவது?

— எனக்கு மூச்சு. மூச்சு வாங்குது. தெரியலை. கறுப்பும் இவளும் ஒண்ணாப் போன மாதிரி இருந்துச்சு.

— பலகையில போடுவாங்க. நீ பாரு. எனக்குக் கண்ணு கலங்குது, எழுத்தே தெரியலை.

— முதலாவது போட்டுட்டாங்க. ரெண்டாவது போட்டுட்டாங்க. மூணாவது இடம் காலியா இருக்கு. முடிவுக் கோட்டுல எடுத்த படத்தைப் பாக்கறாங்க போல.

— கறுப்பா இருந்துச்சுன்னா நான் கோச் கால்ல விழுந்துடறேன். ‘குட்டி மேல தப்பில்லை, வரக் கூடாத இடத்துக்கு வந்து நான்தான் கத்தினேன்’னு சொல்லிடறேன்.

— பேசாம இருங்க. போடறாங்க. போட்டுட்டாங்க.

— யாருடி?

— மஞ்சள் தொப்பி. நம்ம மஞ்சள் தொப்பிங்க. மூணாவது.

— அடி என் சாமி. அழாதேடி. நீ அழுதா நானும் அழுவேன்.

— நீங்க அப்பவே அழ ஆரம்பிச்சாச்சு. இந்தாங்க, துண்டு. முகத்தைத் தொடைச்சுக்கோங்க.

— ஐயையோ, இங்க பாரு. ஜாக்கிப் பொண்ணு குதிரையைத் திருப்பிக்கிட்டு நம்மகிட்டயே வருது. மாட்டிக்கிட்டோம். நீ வாயைத் திறக்காதே, நான் பேசிக்கறேன்.

— அண்ணே, இங்க வேலியோரமா நின்னது நீங்கதானே? நில்லுங்க, ஓடாதீங்க. நான் எங்க இவளைக் கூட்டிட்டு வந்தேன், இவதான் என்னை இழுத்துட்டு வந்துட்டா. பந்தயம் முடிஞ்சதும் என்னை எடை பாக்கணும், கூப்பிட்டுட்டாங்க, சீக்கிரம் போகணும்.

— மன்னிச்சுக்கோம்மா. தப்பு என் மேலதான். இவளைப் பழக்கினது நாங்க. முதல் பந்தயத்துக்கு நாங்க வந்திருக்கக் கூடாது. என் குரலைக் கேட்டுத்தான் நடுவுல நின்னுட்டா.

— குரலா? அதை விடுங்கண்ணே. துண்டை ஆட்டிக்கிட்டு ஓடி வந்தது யாரு, அக்காவா?

— நான்தாம்மா. கை சும்மா இருக்காது எனக்கு. தப்பா எடுத்துக்காதே.

— தப்பா? அக்கா, நான் உதைச்சேன், தட்டினேன், கெஞ்சினேன், ஒண்ணுக்கும் அசையலை. திடீர்னு கண்ணை ஓரமா உருட்டிப் பின்னாடி பாத்தா. அடுத்த நொடி, எனக்கு அடியில பூமியே இல்லை. இன்னொரு தடவை அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டுங்களேன். வாயைத் திறக்காம.

— வாயைத் திறக்காமலா? இப்படியா?

— பாத்தீங்களா, காலைத் தூக்கிட்டா. போதும்க்கா, போதும், இறக்குங்க, இல்லைன்னா மறுபடியும் ஓட ஆரம்பிச்சுடுவா. இதை நாளைக்கே எனக்குச் சொல்லிக் குடுக்கறீங்க. கோச்சையும் கூட்டிட்டு வர்றேன். இனிமே இவளை எவனும் ஏலத்துக்கு அனுப்ப முடியாது.

— அதெல்லாம் அவ கத்துக் குடுப்பாம்மா. ஆனா அடிப்படை குரல்தான். நான் தினமும் இவ காதோரமா உக்காந்து பேசின பேச்சு இருக்கே, அதுதான் இன்னிக்கு இவளைக் காப்பாத்துச்சு. கொஞ்சம் குனிய விடும்மா இவளை. பெரிய தப்பு பண்ணிட்டேன். காதுல ஒரே ஒரு வார்த்தை, மன்னிச்சுக்கோன்னு சொல்லிட்டுப் போயிடறேன்.

— காதுல வேண்டாம் அண்ணே, முகத்துக்கு நேரா வந்து நில்லுங்க. காலையிலதான் டாக்டர் பாத்துட்டுச் சொன்னாரு, பொறந்ததுலேருந்தே இவளுக்குக் காது கேக்காது.