பதினான்காம் நிமிடத்தில் ஒரு பெயர்

வீடியோ டேப்பைப் படுக்க வைக்கக் கூடாது தம்பி. புத்தகம் மாதிரி நிற்க வைக்க வேண்டும். கெடா மாநிலத்து ஈரத்தில் முதலில் பிடிப்பது பூஞ்சைதான். அதனால் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, மாதம் தவறாமல் மாற்றி வந்தேன். முப்பத்தெட்டு வருடம் அப்படி வைத்திருந்த டேப் அது. இப்போது அதைப் போட்டால் அரை மணி நேரம் வெறும் நீலத் திரை ஓடுகிறது. காரணம் கேட்டு ஜித்ராவிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். கைப்பேசியைக் காரிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னேன், விட்டுவிட்டு வந்தீர்கள். அதனால் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

பழைய தமிழ்த் தொலைக்காட்சிப் பேட்டிகளில் எது அழிந்தது, எது பிழைத்தது என்று பட்டியல் போடுகிறீர்கள். நல்ல வேலை. 'மாலை விருந்தினர்' சனிக்கிழமை ஐந்தரைக்கு வரும். நிலையத்தில் டேப் தட்டுப்பாடு; ஒரு விருந்தினரை அழித்துவிட்டுத்தான் அடுத்தவரைப் பதிவு செய்தார்கள். அதில் 1987-இல் வந்தவன் காளிதாசன். கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன், மேடை நாடகம் போட்டவன். நடிப்பு அவனுடையது. பதினொரு நாடகங்களும் நான் எழுதியவை. கூலிமில் இதே ரேடியோ, வீடியோ கடையில் உட்கார்ந்து, ரிப்பேர் வேலைக்கு நடுவே எழுதினேன். கைதட்டல் அவனுக்கு. எனக்குக் கிடைத்தது, "சத்தியசீலன் அண்ணே, மைக்கு இரையுது, கொஞ்சம் பாருங்க" என்பது. வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நிகழ்ச்சி அன்று தோட்டமே மண்டபத்தில் கூடியிருந்தது. காளிதாசனும் முன்வரிசையில் இருந்தான். பேட்டியை இரண்டு வாரம் முன்பே பதிவு செய்திருந்தார்கள். தோட்டத்து மின்சாரம் ஆறரைக்குத்தான் வரும். அதற்கு முன் டிவி பார்க்க வேண்டுமென்றால் லாரி பேட்டரியில்தான் ஓட்டுவோம். பேட்டரி கொண்டுபோவது என் பொறுப்பு. சார்ஜ் ஏறி முடிந்ததை விட்டுவிட்டு, பக்கத்தில் முறைக்குக் காத்திருந்ததைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். என் தொழிலில் மன்னிக்க முடியாத தவறு. பதினான்காம் நிமிடத்தில், "உங்கள் நாடகங்களை யார் எழுதுகிறார்கள்?" என்று பேட்டி எடுத்த அம்மாள் கேட்டார். திரையில் காளிதாசன் வாயைத் திறந்தான். படம் சுருங்கி, ஒரு புள்ளியாகி, அணைந்தது.

இருநூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். "என்னாண்ணே, பேட்டரி கோசோங்கா, காலியா?" என்று யாரோ கேட்டுச் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. காளிதாசனைப் பார்த்துச் சொன்னேன்:

"பேட்டரி செத்தது ஒனக்கு நல்லதாப் போச்சுடா. எம்பேர சொல்லாம விட்டது யாருக்கும் தெரியாமப் போச்சு."

"அண்ணே, சொன்னேண்ணே. சத்தியமா ஒங்க பேரத்தான் சொன்னேன்."

"எங்க, யாரு கேட்டா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. சிரிப்பு நின்றது. பேட்டரியை எல்லாரும் மறந்துபோனார்கள். தோட்டத்து அலுவலகக் கிராணி எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். பதினொரு நாடகம் எழுதி எனக்கு அந்த நாற்காலி கிடைத்ததில்லை.

கடையில் மின்சாரம் உண்டு. நிகழ்ச்சியைப் பதிவு செய்ய இயந்திரத்தில் நேரம் வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். நேரம் தப்பாகிவிட்டது, ஒன்றும் பதிவாகவில்லை என்று தோட்டத்தில் சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. பேட்டரியில் தவறியவன் இதிலும் தவறியிருப்பான் என்று நினைத்திருப்பார்கள்.

காளிதாசன் சாட்சி தேடி அலைந்தான். கூலிமில் நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் எழுதியவன் பெயரை யார் நினைவில் வைப்பார்கள்? "என்னமோ ஒரு பேரு சொன்னாரு" என்றார்கள். கடைசியில் என்னிடமே வந்தான். "ஸ்டேசனுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்கண்ணே. டேப்பு வந்தா நீங்களே பாத்துருவீங்க லா." அவனுக்கு மலாயில் எழுத வராது. நல்ல கடிதமாக எழுதிக் கையெழுத்து வாங்கினேன். தபாலில் நானே போட்டுவிடுகிறேன் என்று சொல்லி மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். மூன்று மாதம் கழித்து, நிலையத்தில் அழித்துவிட்டார்களாம் என்றேன். அதற்குள் அது உண்மையாகவும் ஆகியிருக்கும்.

நான் யாரையும் தூண்டிவிடவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஏறிய ஏணியை எட்டி உதைத்தவன் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். கோயில் திருவிழாவில் எனக்கு மாலை போட்டார்கள். எவ்வளவு பெரிய மனசு, ஒரு வார்த்தை திட்டவில்லை பாருங்கள் என்றார்கள். அவன் நாடகத்துக்கு நடிக்க ஆள் வரவில்லை, பார்க்கவும் வரவில்லை. அவன் மகள் லோகேஸ்வரியின் சடங்குக்கு இருநூறு பேருக்குச் சோறு ஆக்கினார்கள். பன்னிரண்டு பேர் போனார்கள். நான் போனேன். எல்லாரும் பார்க்கும்படி போய், முதல் பந்தியில் உட்கார்ந்து, அவன் பரிமாறியதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அடுத்த வருடம் அவன் தோட்டத்துக் களை மருந்தைக் குடித்தான். இழவு வீட்டில், "நான் அவன மன்னிச்சிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பெண்கள் அழுதார்கள். அவன் மனைவி தேவகி என் காலில் விழுந்தாள்.

டேப்பை அப்போதே அழித்திருக்கலாமே என்பீர்கள். மனம் வரவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி கடையை அடைத்துவிட்டு ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். உங்கள் அறிவிப்பைப் பார்த்ததும், என்னிடம் ஒன்று இருக்கிறது என்று உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னது பெருமையில்தான். அன்றைக்கே அந்தச் செய்தியை ஃபேஸ்புக்கில் போடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அவசரப்பட்டுவிட்டீர்கள் தம்பி. குறையாகச் சொல்லவில்லை.

லோகேஸ்வரி அதைப் பார்த்திருக்கிறாள். ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். போன செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகிற வழியில் தாயை இங்கே இறக்கிவிட்டுப் போனாள். தேவகி தளர்ந்துவிட்டாள். கண் மட்டும் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

"அவரு சொன்னாரா இல்லியான்னு தெரிஞ்சாப் போதும்ணே," என்றாள். "ஒங்கப்பா நன்றி கெட்டவரு இல்லன்னு நான் சாவுறதுக்குள்ள எம்மககிட்ட சொல்லணும்."

ஒலிக் கம்பியை டிவியின் பின்னாலிருந்து உருவிவிட்டு டேப்பைப் போட்டேன். பழைய டேப், சத்தம் போய்விட்டது என்றேன். காளிதாசன் சிரித்தான், கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். தேவகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினான்காம் நிமிடத்தில் எழுந்து திரைக்குக் கிட்டே போனாள்.

"அண்ணே, பாருங்க, ஒங்க பேருதான்! சத்தியசீலன்னு சொல்றாரு. பதினஞ்சு வருசம் கூட வாழ்ந்தவ, அவரு வாயி எனக்குத் தெரியாதா?"

"இல்லம்மா. அது வேற என்னமோ."

அவள் சொன்னது சரிதான். அவன் சொன்னது இது: "எழுதுறது எல்லாமே சத்தியசீலன் அண்ணன்தாங்க. நான் அவரோட வாய், அவ்வளவுதான்." எனக்கு மனப்பாடம். டிவி அணைந்த மறுநாள் காலையிலேயே, கடைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கேட்டுவிட்டேன். உடனே தோட்டத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

"உக்காரும்மா, சுத்தம் பண்ணிப் பாக்குறேன், சத்தம் வந்தாலும் வரும்," என்றேன். ஒரு டேப்பில் மேல்பதிவு ஆகாமல் இருக்க அதன் முதுகில் ஒரு சிறு பிளாஸ்டிக்கை உடைத்து வைப்போம். அந்த ஓட்டையை செலோடேப்பால் மூடினால் மறுபடி பதிவாகும். மூடினேன். தொடக்கத்துக்கு ஓட்டி, பதிவு செய்கிற சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அரை மணி நேர வேலை. அவளுக்குப் பால் இல்லாமல் ஒரு தே ஓ கலக்கிக் கொடுத்தேன். புருஷன் குரல் வரும் என்று நீலத் திரையைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரமும் உட்கார்ந்திருந்தாள். தே ஓ ஆறிப்போனது. முடிந்ததும், "படமும் போச்சும்மா" என்றேன்.

அவள் எழுந்தாள். பிறகு, "எங்களுக்காக இம்புட்டு சிரமப்பட்டீங்களேண்ணே" என்று கும்பிட்டாள்.

கண்ணால் பார்த்ததை மகளிடம் சொல்லியிருக்கிறாள். மகள் நம்பவில்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அவளாக எதையோ நினைத்துக்கொள்கிறாள் என்று என்னிடமே தொலைபேசியில் வருத்தப்பட்டாள். ஆமாம்மா, பார்த்துக்கொள் என்றேன்.

ஆகவே உங்கள் பட்டியலில் 'அழிந்தது' என்று போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த வரியில், நாடக ஆசிரியர் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அதில் என் பெயரை முழுதாகப் போடுங்கள். யாராவது ஆதாரம் கேட்டால், காளிதாசனே பேட்டியில் சொல்லியிருக்கிறான் என்று எழுதுங்கள். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை.