சன்னல் ஓட்டைத் துணி

எண்ணூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் சன்னல் ஓட்டையில் ஒரு பழந்துணி செருகியிருக்கும், ஐயா. அனல்மின் நிலையச் சாம்பல் சோற்றில் விழாமலிருக்க வேறு வழியில்லை. எங்கள் ஆய்வகத்திலும் அப்படித்தான். அதை யாரும் குற்றம் என்று சொன்னதில்லை.

எங்கள் கருவி மூலக்கூறுகளை எடை போடும். அமினோ அமிலத்துக்கும் நம்மைப் போல இடக்கை, வலக்கை உண்டு. உயிர்கள் ஏன் இடக்கையை மட்டும் வைத்துக்கொண்டன என்பதுதான் என் ஆராய்ச்சி. செரின் என்ற அமிலம் எட்டு எட்டாகச் சேரும். இரண்டு கையையும் கலந்தாலும் இடக்கை இடக்கையோடும் வலக்கை வலக்கையோடும்தான் சேரும் என்று 2003இல் கட்டுரை எழுதினேன். துறைத்தலைவர் பதவி அதனால் வந்தது.

எழில்மொழி என் மாணவி. வியாசர்பாடிப் பெண், பீச்சாங்கைக்காரி. இந்தப் பாடம் உனக்கென்றே வந்தது என்று கேலி செய்வேன், சிரிப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். என் சோதனையை அவளாகவே மறுபடி செய்து பார்த்தாள்.

"கொஞ்சமாத்தான் பிரியுது சார். உங்களுது மட்டும் அவ்ளோ சுத்தமா கீது. கலக்காமலே தனித்தனியா எடை போட்டு சேத்துட்டீங்களா?"

அப்படித்தான் செய்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது. கட்டுரை வெளிவந்த பத்திரிகைக்கு உண்மையை நீங்களே முதலில் எழுதிவிடுங்கள், இல்லையென்றால் திங்கட்கிழமை நான் எழுத வேண்டியிருக்கும் என்று மரியாதையாகத்தான் சொன்னாள்.

கருவியிலிருந்து வரும் நைட்ரஜன், ஒரு குழாய் வழியே அந்த ஓட்டையால் வெளியே போகும்; குழாயைச் சுற்றித்தான் துணி இருக்கும். வாசனை கிடையாது. அறையில் நிறைந்தால் ஆள் மயங்குவது ஆளுக்கே தெரியாது. ஞாயிறு காலை, அவள் வருவதற்கு முன்பு, கருவிக்குப் பின்னால் போய்க் குழாயை உள்ளே இழுத்துவிட்டேன். சாம்பல் வருமே என்று ஓட்டை முழுவதும் துணியைச் செருகினேன்.

காவலாளி ஜெயவேல்தான் அவள் உடலைத் தூக்கி வந்தார். அவர் அழுதார். நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

அவள் அம்மா பச்சையம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏன் சார் துணி வெச்சீங்க?"

சாம்பலுக்காகம்மா என்றேன். தலையாட்டினார். விசாரணைக்கு வந்த நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். சொல்லிச் சொல்லி நானும் நம்பியிருந்தேன்.

நேற்று அந்த ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை. அன்று அதைப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து ஆய்வகம்வரை நடந்தே போனேன், நடந்தே திரும்பினேன். பிறகு துவைக்கவே இல்லை. அதில் ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை, ஐயா.