பன்னிரண்டு மதிப்பெண்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. விளக்கத்தைத் தட்டச்சு செய்து தரலாம் என்று நீங்கள் சொன்னபோது, கையாலேயே எழுதித் தருகிறேன் என்றேன் அல்லவா, அதற்குக் காரணம் அதுதான். இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் மதிப்பெண் அட்டைகளை நான் கையாலேயே எழுதி வருகிறேன். மற்ற வகுப்புகளில் கம்ப்யூட்டரில் அச்செடுத்துக் கொடுக்கிறார்கள். அந்தத் தாளைப் பெற்றோர் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, போகிற வழியில் டீக்கடையில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். என் அட்டையை அப்படிச் செய்ய மாட்டார்கள். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

பெயர் குமரகுரு. கணித ஆசிரியர், அந்தப் பிரிவின் வகுப்பாசிரியரும் நான்தான். வயது ஐம்பத்தாறு. செவிலிமேட்டில் சொந்த வீடு, மனைவி, ஒரே மகள். இதுவரை என்மீது ஒரு புகாரும் வந்ததில்லை. உங்கள் விசாரணையும் ஒரு புகாரிலிருந்து தொடங்கியதுதான் என்பதால் அந்த வாக்கியத்தை இனி இறந்த காலத்தில் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தை அமாவாசையில் வைக்கலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அமாவாசையன்று தறியில் உட்கார மாட்டார்கள். மற்ற நாளில் கூட்டம் வைத்தால் அம்மாமார்கள் மட்டும் வந்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, ‘அவர்கிட்ட சொல்றேன் சார்’ என்று போய்விடுவார்கள். முடிவெடுக்கிறவர் தகப்பன். தகப்பன் வருகிற நாளில் அட்டையைக் கொடுத்தால் வேலை அன்றைக்கே முடியும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததிலிருந்து சொல்ல வேண்டும். அந்த ஆண்டு இம்ரான் என்ற மாணவனின் அட்டையை எழுதும்போது வரிசை தவறிவிட்டது. பதிவேட்டில் அவனுக்கு மேலே இருந்த ஆனந்தகுமாரின் மதிப்பெண்களை இவன் அட்டையில் எழுதிவிட்டேன். ஆனந்தகுமார் எதிலும் முப்பதைத் தாண்டாதவன். இம்ரான் சுமாராகத் தேறுகிறவன். அது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். எழுதி முடித்து மை காய்வதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. ஆனால் திருத்த வேண்டுமானால் ஐந்து எண்களையும் அடித்து எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் உள்ள அட்டையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. வெற்று அட்டையும் கையில் மிச்சமில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

இம்ரானின் தகப்பனார் கௌஸ் பாஷா வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவர். அட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசிவிட்டார்.

“இவ்ளோ கம்மி வாங்கினா இன்னா சார் பண்றது? பரீட்சை எழுதி ஃபெயில்னு பேர் வாங்கறதுக்கு கடையில உக்காந்தா தொழிலாச்சும் வரும். டிசி குடுத்துடுங்க சார்.”

நான் அவரைப் போகச் சொல்லவில்லை. அவர் கேட்டார், நாங்கள் கொடுத்தோம். ஆனந்தகுமாரின் தகப்பனும் அதே நாளில் அதே மாதிரி கேட்டு வாங்கிப் போனார். அந்த ஆண்டு பொதுத்தேர்வில் என் வகுப்பு முதல் முறையாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி பெற்றது. தலைமையாசிரியர் எனக்குச் சால்வை போட்டார். இம்ரான் இப்போது கடையை நன்றாகவே நடத்துகிறான். என் ஸ்கூட்டருக்கு அவன்தான் சீட் தைத்துக் கொடுத்தான். தையல் நேராக இருந்தது.

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் புரிந்துகொள்ள வேண்டும். சுத்தமாகப் படிக்காத பிள்ளையைப் பற்றி எந்த ஆசிரியருக்கும் கவலை கிடையாது. அவன் உண்மையான மதிப்பெண்ணே அவனை வீட்டுக்கு அனுப்பிவிடும். நன்றாகப் படிக்கிறவனைப் பற்றியும் கவலை இல்லை. நாற்பதிலும் நாற்பத்திரண்டிலும் நிற்கிறதே, அந்தப் பிள்ளைதான் ஆபத்து. தேறினாலும் தேறும், கவிழ்ந்தாலும் கவிழும். ஒரு பிள்ளை கவிழ்ந்தால் போதும், நூறு போய்த் தொண்ணூற்றேழு ஆகிவிடும். மேலிடத்தில் கூட்டம் போட்டு எழுந்து நிற்க வைத்துக் காரணம் கேட்பார்கள். கேட்கிறவர்களில் நீங்களும் ஒருவராக இருந்திருக்கிறீர்கள்.

ஆகவே அப்படிப்பட்ட பிள்ளைகளின் அட்டையில் மட்டும் ஒவ்வொரு பாடத்திலும் பன்னிரண்டு மதிப்பெண் குறைத்து எழுதினேன். பத்து குறைத்தால் சில பாடங்களில் தேறிவிடுவார்கள். பதினைந்து குறைத்தால் பெற்றோர் நம்ப மாட்டார்கள், சந்தேகப்பட்டு வேறு யாரிடமாவது காட்டுவார்கள். பன்னிரண்டு பொருத்தமாக இருந்தது. ஒரு பாடத்தில் அதிகமாகவும் ஒரு பாடத்தில் கொஞ்சமாகவும் குறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அரசாங்கத்தின் இணையதளத்தில் நான் ஒருநாளும் பொய் ஏற்றியதில்லை. அங்கே எல்லாருக்கும் அவரவர் வாங்கிய மதிப்பெண்தான் இருக்கும். வகுப்பின் சராசரி குறைந்தால் அதற்கும் விளக்கம் கேட்பார்கள். அலுவலகத்துக்கு உண்மையைச் சொல்ல நான் கடமைப்பட்டவன்.

இனி திரிஷாவைப் பற்றி.

முனிரத்தினம் என்ற நெசவாளியின் மகள். வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்காருவாள். வீட்டில் தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளை என்பதால் குரல் கொஞ்சம் உரக்கத்தான் வரும். கடன் வாங்கிக் கழிப்பதை மனத்திலேயே செய்வாள், ஆனால் விடை வந்த வழியை எழுத மாட்டாள். வழி எழுதாவிட்டால் மதிப்பெண் போகும் என்று எத்தனையோ தடவை சொன்னேன். சென்ற ஆண்டு இரண்டாம் இடைப்பருவத் தேர்வில் தமிழில் ஐம்பத்தெட்டு, ஆங்கிலத்தில் நாற்பத்தொன்று, கணக்கில் நாற்பத்து நான்கு, அறிவியலில் நாற்பத்தாறு, சமூக அறிவியலில் நாற்பத்து மூன்று. ஆங்கிலத்தைப் பாருங்கள். நாற்பத்தொன்று. எந்த நேரமும் சரியலாம்.

கார்த்திகை அமாவாசையன்று முனிரத்தினம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “எழுத்து அச்சு மாதிரி இருக்குது சார்” என்றார். அதன் பிறகுதான் எண்களைப் படித்தார். இருபத்தொன்பதுக்கு வந்ததும் விரல் நின்றது.

திரிஷா எட்டிப் பார்த்தாள். “இல்லப்பா. இங்கிலீஷ்ல நாப்பத்தொண்ணுப்பா. பேப்பர் குடுத்தப்போ நானே பாத்தேன். கணக்குல நாப்பத்தி நாலு. சார், நீங்கதான சார் திருத்தினீங்க, சொல்லுங்க சார்.”

எல்லாப் பாடத்திலும் திருத்திய விடைத்தாள்களைக் காட்டிவிட்டு அப்போதே திரும்ப வாங்கி அலமாரியில் வைப்பது என் வழக்கம். முனிரத்தினம் என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. பொய் சொல்ல எனக்குப் பிடிக்காது. பேனாவின் மூடியைச் சரியாகப் போட்டேன்.

அவருக்குக் கோபம் வந்தது மதிப்பெண்ணுக்காக இல்லை. “சார் கைப்பட எழுதிக் குடுத்திருக்காரு, அது பொய்யா? அவர் எதிர்லயே புளுகறியா நீ?” என்றார். ஒரே ஒரு அறைதான். இடது கன்னத்தோடு காதிலும் சேர்ந்து விழுந்தது. அந்தப் பிள்ளை அழவில்லை. அப்பனைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அடிக்கும்படி நான் எங்கும் எழுதவில்லை. குறிப்பு என்ற கட்டத்தில் ‘கூடுதல் கவனம் தேவை’ என்று மட்டும்தான் எழுதியிருந்தேன்.

முனிரத்தினம் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் மெதுவாக எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புவதற்கு நான்கு நாள் முன்பாக வந்து டிசி வாங்கிக்கொண்டார். “படிப்பு ஏறலைன்னா பரவால்ல சார், பொய்யும் சேர்ந்து ஏறுது. அதான் தாங்க முடியல” என்றார். அடுத்த ஆண்டு தனித்தேர்வராக எழுதலாம் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அந்த ஆண்டும் என் வகுப்பு நூறு.

வைகாசியில் என் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை எடுக்கக் காந்தி ரோட்டில் ஒரு கடைக்குப் போனோம். புடவையை விரித்துக் காட்டியது திரிஷா. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் வைத்தாள். மரியாதை தெரிந்த பிள்ளை. நான் தள்ளுபடி எவ்வளவு என்று கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன். தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள்.

“அந்தப் பக்கம் கேக்காது சார். இப்படிச் சொல்லுங்க.”

சொன்னேன். பதினைந்து சதவீதத் தள்ளுபடி போக என்ன வரும் என்பதை, கால்குலேட்டரைத் தொடாமல், நான் போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். வழி சொல்லவில்லை, விடை சரி.

“யாருங்க இந்தப் பொண்ணு, கணக்குல இவ்ளோ சூட்டிகையா இருக்குது?” என்று மனைவி கேட்டாள்.

“என் மாணவிதான். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்” என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

பள்ளி திறந்ததும், படிப்பை இடையில் நிறுத்திய பிள்ளைகளைக் கணக்கெடுக்க வீடு வீடாக ஆசிரியர்களை அனுப்பினார்கள். பிள்ளையார்பாளையத்துக்கு எங்கள் பள்ளியிலிருந்து அஞ்சும் என்ற பெயருள்ள டீச்சர் போனார்கள். அங்கே நடந்ததாக அவர்கள் எழுதிக் கொடுத்ததை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். முனிரத்தினம் தறியில் இருந்திருக்கிறார். டீச்சர் கைபேசியில் திரிஷாவின் பதிவைத் திறந்து, “எல்லாத்துலயும் பாஸ் பண்ண பொண்ணை ஏன் நிறுத்தினீங்க?” என்று கேட்டிருக்கிறார்கள். அவர் எழுந்து போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து என் அட்டையை எடுத்து வந்தார். டீச்சர் ஒவ்வொன்றாகப் படிக்க, இவர் அட்டையில் விரல் வைத்துக்கொண்டே வந்தார்.

டீச்சர் என் பக்கம்தான் பேசியிருக்கிறார்கள். “குமரகுரு சார் ரொம்ப நிதானமானவர், எழுதும்போது ஏதோ தப்பு நடந்திருக்கும்” என்றார்களாம்.

“தப்பா போனா ஒரு எடத்துல போகும்மா” என்றாராம் முனிரத்தினம். “தமிழ்ல பன்னண்டு, இங்கிலீஷ்ல பன்னண்டு, கணக்குல பன்னண்டு, மத்த ரெண்டுலயும் அதே பன்னண்டு. இழை தானா அறுந்தா இப்படி வரிசையா அறாது. இது எண்ணிப் பாத்து ஒருத்தர் விட்டது.”

நாள் முழுக்க இழை எண்ணுகிற மனிதரிடம் ஒழுங்காகக் குறைத்த கணக்கைக் கொடுத்தது என் பிழை. வேறு எந்தத் தொழிலில் இருப்பவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

நீங்கள் கேட்ட எண்ணிக்கையைத் தருகிறேன். இம்ரானைச் சேர்க்காமல், ஒன்பது ஆண்டுகளில் பதினேழு பேர். பெயர்களைத் தனித்தாளில் வரிசையாக எழுதி இணைத்திருக்கிறேன். அவர்கள் விடைத்தாள்கள் என் அலமாரியில் கட்டுக் கட்டாக அப்படியே இருக்கின்றன. பதினேழு பேரும் தேறக்கூடியவர்கள்தான் என்று அவற்றைப் பார்க்கிறவர்கள் சொல்லக்கூடும். தேறாமல் போயிருக்கவும் கூடும். தெரியாத ஒன்றைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

கடைசியாக, நீங்கள் சற்றுக் கோபமாகக் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சென்ற வாரம் முனிரத்தினம் பள்ளிக்கு வந்தார். அமாவாசை இல்லை, தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. என் மேசைமேல் பழைய அட்டையை வைத்தார்.

“உண்மையான மார்க் போட்டு ஒண்ணு எழுதிக் குடுங்க சார். உங்க எழுத்துலயே வேணும். அதை நம்பித்தான் பெத்த பொண்ணை நம்பாம போயிட்டேன். எம்பொண்ணு கையில குடுத்து, நீ சொன்னதுதான் நெசம்னு சொல்லணும். டாக்டர் கைய விரிச்சிட்டாரு. இதையாவது குடுக்கணும் சார்.”

நியாயமான கோரிக்கை. புது அட்டை எடுத்து, புது மை நிரப்பி எழுதினேன். ஐம்பத்தெட்டு, நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு, நாற்பத்தாறு, நாற்பத்து மூன்று. ஒரு அடித்தல் இல்லை. குறிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட்டு அட்டை கொடுக்கிற பழக்கம் எனக்கில்லை. ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவர் பெற்றோர் கையொப்பம் போடாமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த இரண்டு சொல்லை எப்படி எழுத மனம் வந்தது என்று கேட்டீர்கள். முனிரத்தினம் உங்களிடம் கொடுத்த இரண்டு அட்டைகளும் இப்போது உங்கள் கோப்பில் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முந்தையதைவிட ஐந்து பாடங்களிலும் பன்னிரண்டு பன்னிரண்டு மதிப்பெண் கூடியிருக்கிறது.