முப்பதுக்கு இறங்கிய தெரு

"தாத்தா, வண்டிங்க கண்ணுக்கு நம்மளத் தெரியாதா?" என்று ஒரு சிறுமி கேட்டாள்.

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைச் சாலையைக் கடக்க வைப்பது என் வேலை. கையில் சிவப்புப் பலகை. அதைத் தூக்கினால் வண்டிகள் நிற்க வேண்டும். பாதி நிற்கும், மீதி என் சட்டையை உரசிக்கொண்டு போகும்.

அந்தத் தெருவில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் போகலாம் என்பது சட்டம். இருபுறமும் வீடுகள் வருவதற்கு முன்னால் போட்டது. முப்பதாகக் குறைக்கச் சொல்லி நகராட்சிக்கு நடையாய் நடந்தேன். பொறியாளர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லுவார்.

"உங்க தெருவுல வண்டி மோதி யாராவது செத்திருக்காங்களா பெரியவரே?"

"இல்லீங்க சார். நான்தான் நிக்கிறேனே."

"அதான் சிக்கல். சாவு விழாத தெருவ முப்பதாக்க விதி கிடையாது. நீங்க ஒழுங்கா வேலை பார்க்கிற வரைக்கும் ஒண்ணும் நடக்காது."

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அதன் பிறகு பலகையைத் தூக்கும்போதெல்லாம், அந்தத் தெருவை ஐம்பதிலேயே கட்டிப்போடுவது நான்தான் என்று தோன்றியது. தூக்காமல் இருக்கவும் முடியாது, பிள்ளைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே சுவர்.

எதிர்வீட்டில் ஒரு தையல்காரர் தனியாக இருந்தார். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை, கண்ணும் மங்கிவிட்டது. ரொட்டி வாங்கக் கிளம்பினால் என் குரலைப் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடப்பார்.

"வாங்கண்ணே" என்பேன்.

"நீ கூப்பிட்டா கிணத்துலகூட இறங்குவேன்டா தம்பி. என்ன, அங்க ரொட்டி கிடைக்காது."

ஒரு மழையில் தன் குடையைக் கொடுத்தார். "வச்சுக்க. நீ காய்ச்சல்ல படுத்துட்டா என்னை யாருடா கூப்பிடுவா?"

சாவு ஒன்று விழுந்தாக வேண்டும் என்றால், பிள்ளைகளில் ஒன்றை நினைத்துப் பார்க்கவே மனம் கூசியது. அழ ஆளில்லாதவர் என்றால் துக்கம் அவரோடு முடிந்துவிடும். அதுவும் ஓர் இரக்கம்தானே. பல நாள் பிரார்த்தனையில் கேட்டேன். கடவுள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒருநாள் காலை தையல்காரர் ரொட்டி வாங்கக் கிளம்பி எதிர்ப்புறம் வந்து நின்றார். மணியடித்துப் பிள்ளைகள் எல்லாரும் உள்ளே போகும்வரை காத்திருந்தேன். வளைவில் ஒரு வேன் வந்தது. ஐம்பதில்தான் வந்தது, ஓட்டியவர்மேல் தப்பே இல்லை. பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, "வாங்கண்ணே" என்றேன். அவர் சிரித்தபடியே இறங்கினார்.

ஓட்டியவர் நடைபாதையில் உட்கார்ந்து, "சட்டப்படிதாங்க வந்தேன், சட்டப்படிதாங்க வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாவம். தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டேன்.

அடுத்த மாதமே முப்பது என்று பலகை நட்டார்கள். வண்டிகள் இப்போது மெதுவாக வருகின்றன. உள்ளே இருப்பவர்களின் முகம்கூடத் தெரிகிறது. அந்தச் சிறுமி அவர்களுக்குக் கையாட்டிக்கொண்டே கடக்கிறாள். நான் யாரையும் வாய்விட்டுக் கூப்பிடுவதில்லை. பலகையைத் தூக்குவதோடு சரி. வேலையை விடவும் வழியில்லை. என்னை நம்பித்தான் அனுப்புகிறோம் என்கிறார்கள் தாய்மார்கள்.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. அந்தக் குடை. அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. நேற்று தெருவில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அதைத் துடைத்து, மடக்கி, பூட்டிக் கிடக்கும் அவர் வீட்டுக் கதவில் மாட்டிவிட்டு வந்தேன்.

இனி அவருக்கு நான் பட்ட கடன் ஒன்றும் இல்லை.